இரண்டு சாப்பாட்டுத் தூரம்

என் அண்ணியிடம் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் சொல்ல மாட்டாள். மணிக்கணக்கிலும் சொல்ல மாட்டாள். "அதுவா? ஒரு கேக் தூரம்" என்பாள். இன்னோர் ஊரைக் கேட்டால், "ஒரு சாப்பாடு, ஒரு ஜூஸ்" என்பாள். கடல் தாண்டி அதற்கும் அப்பால் இருக்கிற ஊர் என்றால் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு சாப்பாடு, நடுவுல ஒரு சாண்ட்விச்" என்று பெருமூச்சு விடுவாள். கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். நாங்கள் முழிப்பதில்லை. எங்கள் வேலையிடத்தில் எல்லாருக்குமே இந்தக் கணக்குதான்.

விமான நிலையத்துக்குப் பின்பக்கம், ஓடுபாதை வேலியை ஒட்டி, நீளமாக ஒரு தகரக்கூரைக் கட்டிடம் இருக்கிறது. விமானங்களில் கொடுக்கிற சாப்பாடு அங்கேதான் தயாராகிறது. நான் ரொட்டிப் பிரிவு, அண்ணி தட்டுப் பிரிவு. சின்னச் செவ்வகத் தட்டில் வலது ஓரம் கரண்டிப் பொட்டலம், இடது ஓரம் ரொட்டி, மேல் மூலையில் தயிர்க் கிண்ணம், எதிர் மூலையில் தண்ணீர், நடுவில் பிறகு சூடுபண்ணி வைக்கப்போகிற அலுமினியப் பெட்டிக்கு இடம். கரண்டிப் பொட்டலம் ஒரு விரல் கோணலாக இருந்தாலும் புதுப் பெண்களின் புறங்கையில் அண்ணி ஒரு தட்டு தட்டுவாள். அவளுக்கு அங்கே 'தட்டக்கா' என்று பெயர். அந்தத் தட்டால் வந்ததா இந்தத் தட்டால் வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நான் அவளுக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே வேலை, கிட்டத்தட்ட ஒரே வயசு. நாத்தனார் சொல்கிற கதையில் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடத்துக்குக் காலையில் துண்டுச்சீட்டு வரும். எந்த விமானம், எந்த ஊர், எத்தனை தட்டு, என்ன சாப்பாடு என்று அதில் இருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். தட்டுகளை அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, சீட்டு ஒட்டி, குளிரறைக்குள் தள்ளிவிட்டால் எங்கள் வேலை தீர்ந்தது. குளிரறைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு. அதற்கு வெளியே வண்டிகளைப் பூட்டி முத்திரை வைத்து விமானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பாதுகாப்புக் கெடுபிடி என்பதால் அந்தக் கதவைத் தாண்டி நாங்கள் போக முடியாது. போக வேண்டிய அவசியமும் வந்ததில்லை. விமானத்தில் ஏறியதும் இல்லை. நாள் முழுக்கத் தலைக்கு மேல் பறக்கிற சத்தத்தில் வேலை செய்துவிட்டு, இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்வோம்.

யாராவது ஊரைவிட்டுப் போகிறார்கள் என்றால் அண்ணி இந்தக் கணக்கை வைத்துத்தான் அழுவாள். மாடிவீட்டுக்காரியின் மகன் வேலைக்குப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து அழ, இவள் போய், "கேக்கும் தண்ணியும்தாங்க, இதுக்குப் போய் அழலாமா?" என்று தேற்றினாள். எதிர்வீட்டு ஆசிரியை மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் இரண்டு சாப்பாட்டுத் தூரம். அன்றைக்கு ஆசிரியை அழவேயில்லை, அண்ணிதான் அழுதாள்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் பாப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை வந்தது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. அண்ணன் அண்ணிக்கு ஒரே பெண். படித்து முடித்து, தெருமுனை கிளினிக்கில் பிசியோதெரபி செய்கிறாள். விழுந்து கிடப்பவர்களை நடக்க வைப்பதற்கென்று படித்தவள். இங்கே வருவதெல்லாம் முட்டிவலியும் கழுத்துவலியும்தான். "சூடு குடுக்கிற சிவப்பு லைட்டைக் காட்டிட்டு மணி பாத்துட்டு உக்காந்திருக்கேன் அத்தை. படிச்சதெல்லாம் மறந்துடும்போல" என்று என்னிடம் புலம்புவாள். பக்கவாதம் வந்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரிடமும் சொல்லாமல் எழுதிப்போட்டிருக்கிறாள். அவர்கள் வரச்சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். ஊர்ப்பெயரைக் கேட்டதும் அண்ணியின் கை கரண்டியோடு நின்றுவிட்டது.

"அந்த ஊரா? அது ரெண்டு சாப்பாட்டுத் தூரமாச்சே!"

"மூணு மணி நேரம்தாம்மா."

"யாருகிட்டடி கதை விடுற? தினமும் அந்த பிளேனுக்கு நான்தான் தட்டு வைக்கிறேன். காலைல டிபனும் போகுது, மத்தியானச் சாப்பாடும் போகுது. மூணு மணி நேரத்துக்கு எவன் ரெண்டு வேளை போடுவான்? எங்க மேனேஜர் ஒரு பட்டர் பொட்டலம் கூடப்போனாலே உயிரை விட்டுடுவாரு. கேளு உங்க அத்தைய."

அத்தை என்ன சொல்வாள்? அந்த விமானத்துக்குக் காலை பன்னும் மதிய ரொட்டியும் எண்ணிக் கொடுப்பவள் நான்தான். "ஆமா பாப்பா, ரெண்டு வேளை போகுது" என்றேன். பாப்பா என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அவருக்கு எதுவும் கிலோமீட்டரில் வந்தால்தான் மண்டையில் ஏறும். கை கழுவிவிட்டு போனை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்னு போட்டிருக்கு" என்றவர், முகம் வெளிறி, "நான் ஓட்டினா மூணு நாள் ஆகும்மா. அதுவும் வண்டி மக்கர் பண்ணாம இருந்தா" என்றார்.

"உங்களை யாருப்பா ஓட்டச் சொன்னது?" என்றாள் பாப்பா. போனைப் பிடுங்கி, விமானம் புறப்படுகிற நேரம், போய்ச் சேர்கிற நேரம் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் செய்த தப்பு அதுதான். காலை ஒன்பதுக்குக் கிளம்பி, மதியம் இரண்டுக்குச் சேரும் என்று அதில் இருந்தது.

"ஒம்பதுலேருந்து ரெண்டு. அஞ்சு மணி நேரம். இப்ப யாரு கதை விடுறது?"

"அந்த ஊர்க் கடிகாரம் ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடும்மா. நம்ம கடிகாரத்துல அது பன்னெண்டு மணி. இதோ பாரு, திரும்பி வர்றது. மூணு மணிக்குக் கிளம்பி நாலு மணிக்கு வந்துடுது."

அண்ணி போனை வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "போறதுக்கு அஞ்சு மணி, வர்றதுக்கு ஒரு மணியா? வர்றப்ப என்ன, பள்ளத்துல உருண்டா வருது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. "ரெண்டுமே மூணு மணி நேரம்தாம்மா" என்று பொறுமையாக மறுபடியும் ஆரம்பித்தாள். அண்ணி கேட்கவில்லை. "கடிகாரத்தை மாத்தி வச்சு ஏமாத்தாதே. உன் கடிகாரம் பொய் சொல்லும், என் தட்டு பொய் சொல்லாது" என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. அம்மா மகளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். மகள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. துணி மடிக்கும்போது அண்ணியிடம், "ஏன் அண்ணி இப்படி முரண்டு பிடிக்கிறீங்க? அவ நல்லதுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா நல்லதுன்னு?" என்றாள். "இந்த வீட்ல அவ குரல் கேக்காம எப்படி இருப்பேன்னு தெரியல. அதை அவகிட்டச் சொன்னா போக மாட்டா. அதனால தூரத்தைச் சொல்றேன்."

மடித்த துணியையே இன்னொரு தடவை மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவே அடுப்படிக்கு வந்தாள். "நான் போகலம்மா. திங்கக்கிழமை வர முடியலைன்னு எழுதிடுறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணி பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோலெடுக்க உட்கார்ந்தாள். அண்ணி "சரி" என்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது, மறுநாளும் அடிப்பிடித்தது. எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தோம். அந்த ஊர் விமானத்துக்குத் தட்டு வைக்கிற முறை. அண்ணி எங்கோ பார்த்தபடி வைத்துக்கொண்டிருந்தாள். காலை டிபன் வண்டிகளுக்கு மஞ்சள் சீட்டு, மதியச் சாப்பாட்டு வண்டிகளுக்கு நீலச் சீட்டு. ஒட்டி உள்ளே தள்ளியாயிற்று. கொஞ்ச நேரத்தில் குளிரறைப் பக்கமிருந்து 'லிஃப்ட்' கத்திக்கொண்டு வந்தார். அவர் ஏற்றுவண்டி டிரைவர். வண்டியின் பெட்டியையே விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கி, சாமானை உள்ளே தள்ளுகிற வண்டி அது. அதனால் அவர் பெயரும் லிஃப்ட் ஆகிவிட்டது.

"தட்டக்கா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சீட்டு எல்லாம் மாறிக் கெடக்கு! நல்லவேளை, மூடுறதுக்கு முன்னாடி திறந்து பாத்தேன். இப்படியே போயிருந்தா போறவங்களுக்குக் காலைல சோறு, வர்றவங்களுக்கு மத்தியானம் ஆம்லெட்டு!"

அண்ணி சீட்டை மாற்றி ஒட்டுகிறவளா? கூடமே திகைத்துப்போனது. அவளோ அதைக் கவனிக்கவில்லை.

"வர்றவங்களுக்கா? யாரு வர்றவங்க?" என்றாள்.

"அந்த ஊர்லேருந்து திரும்பி வர்றவங்கதான். நீலச் சீட்டு வண்டிய நான் உள்ள தள்ளி ஐஸ் போட்டு மூடணும். அது அங்க போயிட்டு, வர்றப்பத்தான் வெளிய எடுப்பாங்க. அந்த ஊர்ல நம்ம கம்பெனிக்குக் கிச்சன் கிடையாதே அக்கா. ரெண்டு பக்கத்துக்கும் இங்கேருந்துதானே போகுது, எப்பவுமே."

"அப்ப போறவங்களுக்கு?"

"ஒரு டிபன். அதை முடிக்கறதுக்குள்ள எறங்கியாச்சு."

கதவுக்கு இந்தப் பக்கம் நீலம் என்றால் மத்தியானம். அந்தப் பக்கம் நீலம் என்றால் திரும்பி வருகிறவர்கள். இத்தனை வருஷம் ஒரே சீட்டை நாங்கள் ஒரு விதமாகவும் அவர்கள் ஒரு விதமாகவும் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். தயிர்க் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அண்ணி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். புதுப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் புறங்கையில் அன்றைக்கு ஒன்றும் விழவில்லை.

உட்கார்ந்தவள் திடீரென்று எழுந்தாள். "அவ எழுதிடுவாளே!" என்றாள்.

கூடத்துக்குள் போன் கொண்டுவர விடமாட்டார்கள். ஓடிப்போய்ப் பூட்டறையிலிருந்து எடுத்துப் போட்டால், பாப்பா எடுக்கவில்லை. கிளினிக்கில் வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள். மேற்பார்வையாளரிடம் நான்தான் வயிற்றுவலி என்று ஏதோ சொன்னேன். யாருக்கு வயிற்றுவலி என்று அவர் கேட்பதற்குள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் இருந்தோம். எங்கள் அதிர்ஷ்டம், வந்தது அண்ணனின் பஸ். "நிறுத்தாம போங்க" என்றாள் அண்ணி. "எல்லா ஸ்டாப்பிங்கும் நின்னுதாம்மா போவேன், இது உங்க வீட்டு வண்டியா?" என்றார் அண்ணன். அவர் அப்படித்தான். எல்லா நிறுத்தத்திலும் நின்றது பஸ். ஒவ்வொன்றிலும் அண்ணி அவர் முதுகை முறைத்தாள்.

கிளினிக்கின் பின்னறையில் ஒரு பெரியவரின் முட்டிக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு பாப்பா நின்றாள். எங்களைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"என்னம்மா ஆச்சு? தலைல என்ன வலை?"

இரண்டு பேரும் முடிவலையைக் கழற்ற மறந்து ஊர் முழுக்க வந்திருக்கிறோம்.

"எழுதிட்டியா?" என்றாள் அண்ணி, மூச்சு வாங்க.

"இன்னும் இல்ல. சாப்பாட்டு நேரத்துல எழுதலாம்னு…"

"எழுதாதே. ஒரு டிபன் தூரம்தான்."

"அதைத்தானேம்மா அன்னிக்கே சொன்னேன், மூணு மணி நேரம்னு."

"நீ மணியில சொன்னா எனக்கு எப்படிடி விளங்கும்?" என்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "மத்தியானச் சாப்பாடு திரும்பி வர்றவங்களுக்காம். நான் என்னவோ இத்தனை வருஷமா எல்லாரையும் அனுப்பி வைக்கத்தான் தட்டு வைக்கிறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். திரும்பி வர்றவங்களுக்கும் நான்தான் வச்சிருக்கேன், பாப்பா. தினம் தினம் அத்தனை பேர் வந்திருக்காங்க. எனக்குத் தெரியவே தெரியாது."

பாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "அம்மா" என்றாள்.

"முட்டி சுடுதும்மா" என்றார் பெரியவர்.

பாப்பா அந்த ஊருக்குப் போனாள். விமான நிலைய வாசலில் அண்ணி அழுதாள், ஆனால் டிபன் அளவுக்குத்தான். வீட்டில் கொஞ்ச நாள் எல்லாரும் சத்தம் குறைத்துப் பேசினோம், பிறகு பழகிவிட்டது. பாப்பா ராத்திரி போன் செய்வாள். நடக்கவே மாட்டார் என்று விட்டுவிட்ட ஒருவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்ததைச் சொன்ன அன்று, அண்ணன் அந்தக் கதையை பஸ்ஸில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார்.

அண்ணியின் வேலையிலும் ஒரு மாற்றம். நீலச் சீட்டுத் தட்டு என்றால் தனிக் கவனம். "அலுத்துப்போய் வர்றவங்கடி, ஒழுங்கா வைங்க" என்பாள். போகிறவர்கள் என்ன பாவம் செய்தார்களோ, அவர்கள் கரண்டி கோணலாக இருந்தாலும் இப்போதெல்லாம் விட்டுவிடுகிறாள்.

முதல் விடுமுறைக்குப் பாப்பா வருகிற நாள். வழக்கமாக நாலு பேர் வரிசையாக நின்று ஆளுக்கொன்று வைப்போம். அன்றைக்கு அண்ணி சீக்கிரமே வந்து, நீலச் சீட்டு வண்டிகள் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. விமானத்தில் வருகிற அத்தனை பேருக்கும் தன் கையாலேயே வைத்தாள். ரொட்டியைக்கூட என்னிடமிருந்து வாங்கி அமுக்கிப் பார்த்து, இரண்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைப்பாள் என்று பார்த்தேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். "அவதான் வழியிலயே சாப்பிட்டுட்டு வர்றாளே" என்றாள்.

சாயங்காலம் அண்ணன் போய்க் கூட்டிவந்தார். பாப்பா கொஞ்சம் இளைத்திருந்தாள், கொஞ்சம் நிமிர்ந்திருந்தாள். பையைக் கீழே போட்டதும் போடாததுமாக நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் கழுவிக் கவிழ்த்தது.

"என்னம்மா, ஒண்ணுமே இல்ல? கொலைப் பசி!"

"ஏன், பிளேன்ல சாப்பாடு குடுக்கல?"

"குடுத்தாங்க. நான் தொடல. பக்கத்து சீட்ல ஒருத்தர் பசியா இருந்தாரு, அவருகிட்டக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து உன் கையால சாப்பிடலாம்னு வயித்தைக் காயப்போட்டுட்டு வர்றேன்."

நான்தான் பொறுக்கமாட்டாமல், "அது உங்க அம்மா கையால வச்ச தட்டுதாண்டி! இன்னிக்கு ஒருத்தரையும் தொடவிடல" என்றேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "எந்தத் தட்டு எங்கிட்ட வரும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது" என்றாள் அண்ணி. அரிசிப் பானையைத் திறந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அளந்து போட ஆரம்பித்தாள். "அதான் எல்லாத்தையும் உனக்குன்னே வச்சேன்."